பாட்டு ஊருக்கு, பேர் கட்டினவருக்கு: தருமபுரிப் பக்கத்துப் பாட்டுக்காரர் வாழ்க்கை

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா கூத்தில் பின்பாட்டுப் பாடியவர். இவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டி ஊர்ப் பண்டிகைகளில் பாடுகிறார். "நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாட்டுக் கட்டிப் பாடியே வாழ்ந்தவங்க வாழ்க்கை எப்படி இருந்திச்சு? நானும் இதையே பிழைப்பா வச்சிக்கலாமா? ஒரு யூடியூப் சேனல்காரங்க என்னோட 2 பாட்டைக் கேக்கறாங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா பணம் தர்றோம்னு சொல்றாங்க. போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், தம்பி. ஏன் என்று சொல்ல மற்ற இரண்டு கேள்விகள் வழியாகத்தான் வர வேண்டும்.

நாட்டுப்புறப் பாட்டு என்றால் யார் கட்டியது என்றே தெரியாது, வாய்வழியாக வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பழைய தாலாட்டுக்கும் தெம்மாங்குக்கும் அது பொருந்தலாம். ஆனால் நம் பக்கத்தில் இன்றைக்கும் பாடப்படுகிற பாட்டுகளில் பலவற்றுக்குக் கட்டியவர் உண்டு. பென்னாகரத்திலிருந்து ஊத்தங்கரை வரைக்கும் கூத்துப் பார்த்து வளர்ந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும், "இந்தத் தரு இன்ன ஊர் வாத்தியார் போட்டது, அந்த வர்ணிப்பு இன்ன பம்பைக்காரர் கட்டினது" என்று சொல்லிவிடுவார். தரு என்பது கூத்தில் வேஷக்காரர் பாடுகிற பாட்டு, வர்ணிப்பு என்பது சாமியை வர்ணித்து அழைக்கிற பாட்டு, பம்பை ஒரு தோல் மேளம். ஊருக்குத் தெரியும், வெளியே தெரியாது. நம் பாட்டுக்காரர்களின் வறுமைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் முடிவு. கலை அழிகிறது, ஆதரவு இல்லை என்று மேடையில் புலம்புகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

பாடுகிறவருக்குக் கூலி தள்ளிப்போவது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். புறநானூற்றின் 206ஆம் பாட்டு அவ்வளவாகத் தெரியாது. அஞ்சி பரிசில் தராமல் நாள் கடத்துகிறான். ஔவையார் நேராக வாயில்காவலனிடம் பேசுகிறார். உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லோரும் செத்துப் போய்விடவில்லை. தச்சன் வீட்டுப் பிள்ளைகள் கோடாரியோடு காட்டுக்குப் போனால் மரத்துக்கா பஞ்சம்? நாங்கள் எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு. சொல்லிவிட்டு யாழையும் மூட்டையையும் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். அதே ஔவையார்தான் 101ஆம் பாட்டில், பலநாள் பலரோடு போய் நின்றாலும் முதல்நாள் போலவே முகம் மலர்பவன் என்று அவனைப் பாடியவர். 235இல் அவன் இறந்தபோது, இனிப் பாடுகிறவரும் இல்லை, பாடுகிறவருக்கு ஒன்று கொடுக்கிறவரும் இல்லை என்று அழுதவரும் அவரே. மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். கொடுத்தவன்மேல் அத்தனை அன்பு வைத்திருந்தவர், தன் பாட்டின் விலையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். இந்த இரண்டு மாவட்டத்திலும் பாட்டுக்காரர் என்றால் ஒரே வகை ஆள் இல்லை. கூத்து வாத்தியார் ஒரு வகை. மாரியம்மன், அங்காளம்மன் பண்டிகைகளில் வர்ணிப்புப் பாடி சாமி அழைக்கிற பம்பைக்காரர் இன்னொரு வகை. மாசியில் காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளையைப் பார்த்தவர்களுக்குப் பம்பைக்காரர் குரலுக்கு எத்தனை பேர் சாமி ஏறி ஆடுவார்கள் என்று தெரியும். கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணைப் பாசன வயல்களில் நடவுப் பாட்டில் முதலடி எடுத்துக் கொடுக்கிற அம்மா, எழவு வீட்டில் ஒப்பாரி சொல்கிற பெரியம்மா, புரட்டாசியில் பெருமாள் பாட்டோடு வீடு வீடாக வருகிற தாசர், இருளர், குறும்பர், சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் என்று அவரவர் பாட்டு அவரவருக்கு. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் போனால் தமிழ் மட்டும் பாடிக் காலம் தள்ள முடியாது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ரெண்டடி போட்டால்தான் துண்டில் காசு விழும். மூன்று மொழியிலும் மெட்டு மாறாமல் பாடுகிறவர்கள் அங்கே சாதாரணம். இதைத் தனித்திறமையாக யாரும் எழுதி வைத்ததில்லை.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு கூத்து வாத்தியாரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். பெயரைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் வீட்டுப் பணக் கஷ்டத்தையும் பேசப்போகிறேன். பிள்ளைகளைக் கேட்காமல் பெயர் போடுவது முறையில்லை.

பென்னாகரம் வட்டத்துக்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், ஊரில் பாரதம் வைத்தபோது பதினெட்டு நாளும் கூத்துக் கொட்டகையை விட்டு நகரவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் படித்துப் பொருள் சொல்வார், இரவில் அன்றைய கதை கூத்தாக நடக்கும், கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். எழுத்துப் படிக்காத பையனுக்குப் பாரதம் முழுவதும் காது வழியாக மனப்பாடம் ஆனது அப்படித்தான். அடுத்த வருஷம் ஒரு கூத்து செட்டில் எடுபிடியாகச் சேர்ந்தார். அரிதாரம் குழைப்பது, பெட்டி தூக்குவது, வாத்தியாருக்கு வெற்றிலை மடித்துத் தருவது. மூன்று வருஷம் பின்பாட்டு. மீசை அரும்பும் முன்னே பெண் வேஷம். குரல் உடைந்த பிறகு ராஜ வேஷம். நாற்பது வயதுக்கு மேல் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து வாத்தியார் ஆனார். கூத்துக்காரர் வாழ்க்கையின் படிகள் பெரும்பாலும் இவைதான். இந்தப் படிகளில் ஏறாமல் நேரே மைக் பிடிக்கிறவர்களுக்குக் குரல் இருக்கும், பாட்டுக் கட்டத் தெரியாது. ஏனென்றால் பாட்டுக் கட்டுவதைப் பின்பாட்டில் நின்றுதான் கற்றுக்கொள்ள முடியும். எந்த அடியில் கூட்டத்தின் வாய் சேர்கிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்பது பின்னால் நிற்கிறவனுக்குத்தான் புரியும்.

அவர் பாட்டுக் கட்டுகிற விதத்தை நான் கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கே பல் காவி ஏறிக் கிடக்கும், வயதானவர்களுக்கு எலும்பு வளைந்துவிடும். காவிரி பக்கத்திலேயே விழுந்து ஓடுகிறது, குடிக்க முடியாது. இதைப் பாட்டாக்க வேண்டும் என்று ஊரில் கேட்டார்கள். அவர் முதலில் சொல்லைத் தேடவில்லை. தொடையில் தாளம் தட்டிக்கொண்டு தன்னானே, தானனன்னே என்று சந்தத்தை மட்டும் முனகினார். கும்மி நடைக்குப் போனார், பிடிக்கவில்லை. ஒப்பாரி இழுப்புக்கு மாறினார். அது நின்றதும் சொல் தானாக வந்து உட்கார்ந்தது:

ஒகேனக்கல் பாறையில ஓயாமத் தண்ணி கொட்டுது – எங்க
ஒட்டுத் திண்ணைப் பானையில ஒரு சொட்டும் இல்லையம்மா
பல்லு மேல காவிக்கறை பத்து வயசுப் புள்ளைக்கி – அந்தப்
பாழுங்கெணத்துத் தண்ணிக்குப் பட்டினியே மேலம்மா

'ஒ'வுக்கு 'ஒ', 'ப'வுக்கு 'ப' என்று மோனை விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் இல்லை, நினைவுக்காகவும்தான். பேப்பர் இல்லாமல் பாடுகிறவருக்கு அடுத்த அடியின் முதல் எழுத்து தெரிந்தால் மிச்சம் தானே வரும். கட்டி முடித்ததும் திண்ணையில் இருந்த பெண்களைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினார். "ரெண்டாந்தரம் நீங்க பாடுங்க" என்றார். 'பாழுங்கெணத்துத் தண்ணிக்கு' என்ற இடம் முதலில் 'ஆழ்துளைக் கெணத்துத் தண்ணிக்கு' என்று இருந்தது. பெண்கள் அந்த இடத்தில் தடுமாறினார்கள். அங்கேயே மாற்றினார். இரண்டாம் தடவை கேட்டவர் வாயில் தடங்கலில்லாமல் வந்தால்தான் அது ஊர்ப்பாட்டு, இல்லாவிட்டால் அது வாத்தியாரின் சொந்தப் பாட்டாகவே நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. கடைசிச் சரணத்தில் தன் பெயரையும் ஊரையும் வைத்தார். அந்த முத்திரை அடி இல்லாமல் அவர் ஒரு பாட்டையும் முடித்ததில்லை. 1,928 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2013இல் தண்ணீர் வந்தது. வந்த பிறகு அதே மெட்டில் இன்னொரு சரணம் சேர்த்தார். குழாய் வராத தெருக்களைப் பெயர் சொல்லிக் கேட்கிற சரணம். அதைத்தான் ஜனங்கள் அதிகம் பாடச் சொன்னார்கள்.

வருமானத்துக்கு வருவோம். கூத்துக்காரருக்கு வருஷத்தில் பாதிதான் வேலை. பொங்கல் முடிந்து தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசியில் தூங்க நேரம் இருக்காது. ஆடிப் பதினெட்டோடு ஓயும். புரட்டாசிக்குப் பிறகு மழைக்காலத்தில் எப்போதாவது கருமாதி வீட்டில் கர்ண மோட்சம் என்ற கூத்து வைப்பார்கள், அதோடு சரி. ஊர்க் கவுண்டர் வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்துக் கொடுத்தால் தேதி உறுதி. இரவு முழுக்க ஆடிய பிறகு பேசின தொகையைப் பன்னிரண்டு, பதினைந்து பேர் பிரிக்க வேண்டும். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் வாசிப்பவர், மிருதங்கக்காரர், வேஷக்காரர்கள், பெட்டி தூக்குகிற பையன் எல்லோரும் அதற்குள்தான். அந்த செட்டில் வாத்தியாருக்கு ஒன்றரைப் பங்கு. பாட்டுக் கட்டியதற்கென்று தனிப் பங்கு கிடையாது. இந்த இடத்தைக் கவனியுங்கள். ஆடினதற்குக் கூலி உண்டு, பாடினதற்குக் கூலி உண்டு, கட்டினதற்குக் கூலி அன்றைக்கே இல்லை. அதற்குப் பதிலாக மரியாதை இருந்தது: விடிந்ததும் வேட்டி, துண்டு, ஊர் எல்லை வரை கூட வந்து வழியனுப்புவது. அந்த மரியாதை சம்பளத்தின் ஒரு பகுதியாகவே நடந்தது. மரியாதை குறைந்தபோது அந்த இடத்தில் காசு வரவில்லை.

மிச்சப் பாதி வருஷத்துக்கு அவர் கேழ்வரகும் சாமையும் விதைத்தார். கிணறு வற்றிய வருஷங்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவர் சாந்துச் சட்டி தூக்குவது நம் பக்கத்தில் யாருக்கும் அதிசயம் இல்லை. மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புகளில் காய் பறிக்கப் போகிற கூத்துக்காரர்கள் உண்டு. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது: பாட்டை மட்டும் வைத்து யாரும் இங்கே வாழ்ந்ததில்லை. பாட்டோடு சேர்த்து ஒரு தொழில் வைத்திருந்தவர்கள் கௌரவமாக வாழ்ந்தார்கள். அந்தத் தொழில் பருவத்தோடு ஒத்துப்போக வேண்டும், சித்திரையில் லீவு தராத கம்பெனி வேலை கூத்தைக் கொன்றுவிடும். ஓசூர் சிப்காட்டில் சேர்ந்த பிறகு பாட்டை விட்ட நல்ல குரல்கள் எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் படித்தார்கள், வீடு கட்டினார்கள்.

வாத்தியாரின் நல்ல காலம் என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று அறிவொளி இயக்கமும் அதை ஒட்டி வந்த கலைப்பயணங்களும். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்காக ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் போயின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பெண் சிசுக் கொலைக்கு எதிராகத் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் நடந்தது. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை, 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது. பெண் குழந்தைகளைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் பக்கத்துச் சேலத்தில் அரசு தொடங்கியிருந்தது. அந்த அளவுக்கு நிலைமை கொடியதாக இருந்த காலம். போலீஸும் அதிகாரிகளும் வந்து சொன்னால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். கூத்துக்காரர் வந்து தாலாட்டுப் பாடினால் அந்தத் தாலாட்டுக்கு ஆள் உட்காரும். அவர் ஆண் குழந்தைக்குப் பாடுகிற பழைய தாலாட்டு மெட்டை எடுத்து, மாமன் சீரும் தங்கத் தொட்டிலும் பெண் பிள்ளைக்கு வருகிற மாதிரிக் கட்டினார். வசைபாடவில்லை, யாரையும் கொலைகாரி என்று சொல்லவில்லை. பாடி முடித்ததும் கூட்டத்தில் ஒரு பாட்டி மாராப்பால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனதைப் பார்த்தேன். பாட்டால் ஊர் திருந்தியது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம், சுகாதாரச் செவிலியர், பெண்கள் படிப்பு என்று பலதும் சேர்ந்துதான் நிலைமை மாறியது. ஆனால் பேசவே முடியாத ஒன்றைப் பேச வைத்தது பாட்டு. அந்தப் பயணத்தில்தான் அவருக்கு முதன்முதலாகக் கட்டியதற்கென்று தனியாகக் காசு கொடுத்தார்கள்.

இன்னொன்று கேசட் காலம். 1980களிலும் 90களிலும் டீக்கடை, மினி பஸ், கோயில் ரேடியோ செட் எல்லாவற்றிலும் அம்மன் பாட்டுக் கேசட்டும் கூத்துக் கேசட்டும் ஓடின. வெளியூர் ரெக்கார்டிங் கடைக்காரர் ஒருவர் வாத்தியார் செட்டை வரவழைத்து இரண்டு நாள் பதிவு செய்தார். சாப்பாடு, பஸ் செலவு, கையில் கொஞ்சம் பணம். கேசட் அட்டையில் கடைக்காரர் பெயரும் சாமி படமும் இருந்தன. பாட்டுக்கு நேரே 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தது. முத்திரை அடி வருகிற கடைசிச் சரணத்தை நீளம் போதவில்லை என்று வெட்டியிருந்தார்கள். சில வருஷம் கழித்து மேட்டூர்ப் பக்கம் பண்டிகைக்குப் போனபோது, அங்கே ஒரு பையன் அவர் பாட்டை அவரிடமே "பழைய பாட்டுங்க, யாரு பாடினதுன்னு தெரியாது" என்று சொல்லிப் பாடிக் காட்டினான். அவருக்குச் சந்தோஷமும் வந்தது, நெஞ்சு அடைக்கவும் செய்தது. பேரில்லாமல் பாட்டு ஊர் சுற்றினால் அடுத்த ஊரிலிருந்து அவருக்கு அச்சாரம் வராது. பழைய காலத்தில் காலணா, அரையணாவுக்குச் சந்தையில் பாடி விற்ற சிந்துப் புத்தகங்களின் அட்டையில்கூட இயற்றியவர் பெயர் இருந்தது. போச்சம்பள்ளிச் சந்தை மாதிரி இடங்களில் அப்படி விற்ற சிந்துக்காரர்களைப் பார்த்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேசட் வந்தபோது அந்தப் பேரும் போனது.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். ஒப்பாரி என்பது ஏற்கெனவே இருக்கிற பாட்டை ஒப்பிப்பது இல்லை. எழவு வீட்டுக்குள் நுழைந்ததும் செத்தவர் பிறந்த ஊர், கட்டிக்கொண்ட ஊர், எத்தனை பிள்ளை, யாரோடு மனஸ்தாபம் என்று இரண்டு வார்த்தையில் கேட்டுக்கொண்டு, அழுதுகொண்டே அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுகிற வேலை அது. நான் அறிந்ததில் கடினமான பாட்டுத்தொழில் அதுதான். அதைச் செய்கிறவர்களைப் பாட்டுக்காரி என்றுகூட ஊர் சொல்வதில்லை. கூத்து மேடையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண்கள் பேரோடு வெளியே வந்தது வானொலி வழியாகத்தான். சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி அப்படி வானொலியில் பாடிப் பெயர் பெற்றவர். அதற்குப் பிறகுதான் சினிமா, கலைமாமணி எல்லாம். நம் இரண்டு மாவட்டத்திலும் அந்த அளவுக்குப் பாடக்கூடிய பெண்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே பாட்டி, அத்தை யாராவது பாடுவார்களா என்று கேளுங்கள். பாடினால் செல்போனில் பதிவு செய்து, பதிவின் தொடக்கத்திலேயே அவர்கள் வாயால் பெயரையும் ஊரையும் சொல்ல வையுங்கள்.

சாதியைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. கூத்தில் ராஜ வேஷம் கட்டியவருக்குத் திண்ணையில் இடம் கிடைத்தது. எழவுக்குப் பறையடித்துப் பாடியவருக்குத் தெருவுக்குள்ளேயே இடமில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இல்லை. அதனால் பறையையும் எழவுப் பாட்டையும் விட்டு விலகிய குடும்பங்களைப் பார்த்து, கலையை விட்டுவிட்டார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. விடுதலைக்காக விட்டார்கள். இன்று அதே பறையைக் கல்லூரிப் பிள்ளைகள் மேடையில் பெருமையோடு அடிக்கிறார்கள். 2025இல் பறையிசைக்காக வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விரும்பிச் செய்யும்போதுதான் அது கலை. நீங்களும் யாருடைய வற்புறுத்தலுக்கும் பாட வேண்டாம். கூலி பேசாமல் பாடவும் வேண்டாம்.

இன்றைக்கு என்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். பண்டிகைக் கூத்தும் வர்ணிப்பும் இன்னும் இருக்கின்றன, முதல் வருமானம் அதுதான். எருது விடும் விழாக்காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் காளை வைத்திருக்கும் இளைஞர்கள் தங்கள் காளையின் பெயர் சொல்லிப் பாட்டுக் கட்டித் தரக் கேட்கிறார்கள். கேட்கிற பையன் காளையின் நிறம், கொம்பு, எந்த ஊர் வாடியில் எத்தனை நொடியில் ஓடியது எல்லாம் சொல்வான், உங்கள் வேலை அதைச் சந்தத்தில் வைப்பது. சிலர் இதை மட்டமாகப் பேசுவார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. அரசுத் துறைகளின் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கும் குழுக்களை அழைக்கிறார்கள். பணம் மெதுவாக வந்தாலும் வரும். ஆகாசவாணியில் நாட்டுப்புற இசைக்குக் குரல் தேர்வு உண்டு, எழுதிப் போடுங்கள். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மறுபடி வந்த சென்னை சங்கமம் மாதிரியான விழாக்களுக்கு மாவட்டக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் உறுப்பினர் ஆவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2007இல் ஏற்படுத்திய வாரியம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டலத்தில் வருகின்றன. 2020இல் ஊரடங்கால் ஒரு சித்திரை முழுக்கப் பண்டிகை இல்லாமல் போனபோது, வாரிய அட்டை வைத்திருந்தவர்களுக்கு நிவாரணம் வந்தது. அட்டை இல்லாத பம்பைக்காரர்கள் பம்பையை அடகு வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாவட்டக் கலை மன்றம் வயதுக்கு ஏற்பக் கலை இளமணியிலிருந்து கலை முதுமணி வரை விருது தருகிறது. விருதுப் பணம் பெரிதில்லை, ஆனால் அந்தச் சான்றிதழ் பிற்காலத்தில் உதவும். வயதான, நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகைக்கு, நீங்கள் கலைஞர்தான் என்று காட்ட ஆதாரம் கேட்பார்கள். எங்கள் வாத்தியாருக்கு 3,000 ரூபாய் கிடைக்கப் பல வருஷம் ஆனது, காரணம் அதுதான். அறுபது வருஷம் பாடியவரிடம் அவர் பேர் அச்சான ஒரு காகிதம் இல்லை. கடைசியில் பழைய கோயில் நோட்டீஸ்களை ஊர் ஊராகத் தேடி எடுத்து இணைத்தார்கள். நீங்கள் இன்றிலிருந்து ஒவ்வொரு நோட்டீஸையும் எடுத்து வையுங்கள்.

இப்போது அந்த ஸ்டாம்ப் பேப்பருக்கு வருகிறேன்.

நீங்கள் கட்டிய பாட்டு, கட்டிய அந்த நொடியிலேயே சட்டப்படி உங்களுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரிகளை எழுதியவருக்கு வரிகளின் உரிமை, மெட்டுப் போட்டவருக்கு மெட்டின் உரிமை. ஆயுள் முழுக்க, அதற்கு மேல் 60 வருஷம் வாரிசுகளுக்கும் உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஆனால் பதிவு செய்தால் சாட்சி பலமாகும், வரிகளைப் பதிய ஒரு பாட்டுக்கு 500 ரூபாய்தான் கட்டணம். பரம்பரை மெட்டில் பாடினாலும், நீங்கள் எழுதிய வரிகள் உங்களுடையவை. பாடிய குரலுக்குத் தனியாக உரிமை உண்டு. 'நாட்டுப்புறப் பாடல்' என்று தலைப்பில் போட்டுவிட்டால் இவை எதுவும் இல்லாமல் போய்விடாது.

உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்த எல்லைக்குள், உங்களுக்கு எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். வருஷம் எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டிப் பங்கை அப்படியே விட்டுக்கொடுக்க முடியாது என்ற பாதுகாப்பும் இருக்கிறது. வெளியான பாட்டு உள்ளவர்கள் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேர்ந்தால் அந்தப் பங்கு அதன் வழியாக வரும்.

யூடியூப்பில் நீங்களே சேனல் வைத்தால் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரரும், ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் போடுகிறவருக்கு வேறு கணக்கு). அது எளிதில்லை, அதனால்தான் பெரிய சேனலுக்குக் கொடுக்கத் தோன்றுகிறது. கொடுங்கள், தவறில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பாட்டு இரண்டு இடத்தில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு யூடியூப்பில் இருக்கிறது. ஒரு பாட்டை முதலில் தன் பெயரில் பதிந்து உரிமை கோருகிறவர் பக்கம்தான் பெரும்பாலும் அது நிற்கும். பிறகு நீங்கள் உங்கள் சொந்தப் பாட்டைப் போட்டாலும் அடுத்தவர் பாட்டு என்று உங்களுக்கே நோட்டீஸ் வரலாம்.

ஆகவே அந்த சேனல்காரர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். இரண்டு பாட்டும் இந்த வீடியோவுக்கு மட்டும், 5 வருஷத்துக்கு. விளம்பர வருமானத்தில் எனக்கு இத்தனை பங்கு. மேடையில் பாடவும், நானே வேறு விதமாகப் பதிவு செய்யவும் எனக்கு உரிமை உண்டு. வீடியோவின் தலைப்பிலும் திரையிலும் 'பாடல் வரிகள், மெட்டு, குரல்' என்று என் பெயரும் ஊரும் வர வேண்டும். முத்திரை அடி உள்ள சரணத்தை வெட்டக் கூடாது. இதைத் தமிழில் இரண்டு பிரதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த பேப்பரில் 'அனைத்து உரிமைகளும்', 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். பேப்பரின் போட்டோவை எனக்கு அனுப்பினாலும் எந்த வரியை மாற்றக் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.